முந்தானை யாரோடு நகர வேண்டும்?

அண்ணன் மகள் போன தை மாதம் 'தி சிம்ஸ் 4' கணினி விளையாட்டுக்கு ஒரு புடவை செய்தாள். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது ஒரு குறையும் தெரியவில்லை. விளையாட்டுக்குள் ஏற்றியதும் அந்தப் பொம்மைப் பெண் யாருக்கோ வணக்கம் சொல்லக் கையைத் தூக்கினாள். முதுகில் தொங்கிய முந்தானையும் கையோடு கிளம்பி ரப்பர் மாதிரி இழுபட்டது. உட்காரச் சொன்னோம். கொசுவம் நடுவில் பிளந்து, தொடைக்கு ஒரு பாதியாகப் பிரிந்தது. "சித்தப்பா, நான் புடவைதானே செஞ்சேன், இது பேன்ட் மாதிரி நடக்குதே!" என்றாள்.

அவள் சொன்னதே சரியான நோயறிதல். இந்த விளையாட்டில் துணிக்கென்று தனி அசைவு கிடையாது. காற்றுக்குப் பறக்காது, தன் கனத்தில் தொங்காது. ஆடையின் மெஷ்ஷில், அதாவது அதன் வடிவத்தைத் தரும் வலையில், உள்ள ஒவ்வொரு புள்ளியும் உடம்புக்குள் இருக்கும் எலும்புகளில் அதிகபட்சம் நான்குக்குக் கட்டுப்பட்டது. எந்த எலும்புக்கு எவ்வளவு பங்கு என்பதைத்தான் வெயிட் என்கிறார்கள். ஆயிரக்கணக்கான புள்ளிகளுக்குக் கையால் பங்கு போட யாருக்கும் பொறுமை இருக்காது. அதனால் எல்லோரும் இரவல் வாங்குகிறார்கள். விளையாட்டிலேயே உள்ள ஓர் ஆடையை 'சிம்ஸ் 4 ஸ்டுடியோ' என்ற மென்பொருள் வழியாக வெளியே எடுத்து, அதன் மேல் புது ஆடையைப் பொருத்தி, பழையதன் வெயிட்டைப் புதியதற்கு மாற்றி, மறுபடி உள்ளே ஏற்றுவது. அவள் எடுத்த பழைய ஆடை, கைகளையும் மூடும் ஒரு கால்சட்டை உடுப்பு.

இரவல் முறையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். சாதாரண மடிக்கணினி வைத்திருக்கும் கல்லூரிப் பெண் ஒரே மாலையில் ஒரு ரவிக்கையோ குர்தாவோ செய்து முடிப்பது இதனால்தான். பதின்வயதுப் பெண்ணுக்கும் பாட்டிக்கும் அங்கே ஒரே உடற்சட்டம் என்பதால், ஒரு ரவிக்கை இருவருக்கும் பொருந்தும். குழந்தைகளுக்கு மட்டும் தனியாகச் செய்ய வேண்டும். இன்னொரு நன்மையும் உண்டு. கழுத்தில் கோடு விழுந்தால் மூல ஆடையைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம், பிசகின இடம் பிடிபட்டுவிடும்.

ஆனால் வெயிட்டை மாற்றும் கணக்குக்குத் தெரிந்தது ஒன்றுதான்: பக்கத்தில் எது இருக்கிறது என்பது. முதுகில் தொங்கும் முந்தானைக்கு அருகில் இருப்பது கை. எனவே முந்தானையைக் கைக்குக் கொடுத்துவிடுகிறது. உடம்பை ஒட்டிய உடுப்புக்கு இந்தக் கணக்கு பொய்க்காது, ஏனென்றால் அங்கே பக்கத்தில் இருப்பதும் உரியதும் ஒன்றே. புடவையின் அழகு முழுவதும் உடம்பை விட்டு விலகி நிற்கும் இரண்டு இடங்களில்தான் இருக்கிறது, கொசுவத்திலும் முந்தானையிலும். அந்த இரண்டிலும் கணக்கு தோற்கிறது.

சுவாமிமலையில் இருப்பவனுக்கு இதைப் பார்த்ததும் சிலை வார்க்கும் பட்டறை நினைவு வராமல் இருக்காது. தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் எண்ணெய் விட்டுக் காய்ச்சி, ஒடியோலை மடித்து அளவெடுத்து, ஸ்தபதி அம்மனை மெழுகில் செய்வதைச் சிறுவயதிலிருந்து பார்க்கிறேன். இடையாடை பெரும்பாலும் காலோடு ஒட்டிய வரிகள்தான். இடுப்பில் முடிந்த துணியின் நுனி மட்டும் தொடையை விட்டுத் தள்ளி நிற்கும். அந்த நுனியை அவர் தனியாக உருட்டி, சூடு காட்டிய இரும்பால் ஓரிடத்தில் ஒட்டுகிறார். அது எந்த இடம் என்பது அவர் முடிவு. தொடை கிட்டத்தில் இருக்கிறது என்பதற்காகத் தொடையில் ஒட்டுவதில்லை, முடிச்சில் ஒட்டுகிறார். இந்த முடிவைத்தான் இரவல் முறை மனிதன் கையிலிருந்து எடுத்துக்கொள்கிறது.

பிழை திருத்துவதிலும் பட்டறையிடம் கற்க ஒன்று இருக்கிறது. மெழுகில் உள்ள பிசகு அப்படியே உலோகத்தில் இறங்கும். காவிரி வண்டலைப் பூசி, சுட்டு, மெழுகை வடித்து, உருக்கிய உலோகத்தை ஊற்றிய பிறகு கூட்டை உடைத்தே ஆக வேண்டும். இரண்டாவது வார்ப்புக்கு அந்தக் கூடு கிடையாது. 2023-இல் தில்லி பாரத மண்டபத்துக்குப் போன 27 அடி நடராஜரும் இந்த முறையில் வார்க்கப்பட்டவர்தான். கூடு ஒரு முறைக்குத்தான் என்பதால், சரிபார்ப்பெல்லாம் மெழுகு நிலையிலேயே நடந்துவிடுகிறது. கணினியிலோ நூறு தடவை ஏற்றலாம், செலவில்லை. இது வரம்தான். ஆனால் அந்த மலிவு ஒரு கெட்ட பழக்கத்தையும் தருகிறது. ஐந்து இடத்தில் ஒரே நேரத்தில் கை வைத்து, மறுபடி ஏற்றி, தற்செயலாகச் சரியானால் விட்டுவிடுகிறோம். எது சரிசெய்தது என்று தெரியாமலே போகிறது.

பலரும் சொல்லும் மருந்து "வெயிட்டை மறுபடி மாற்று" என்பது. எல்லாக் குறைக்கும் அது மருந்தல்ல. முந்தானையின் உட்பக்கம் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் ஒரு பக்க முகங்கள் மட்டுமே இருக்கின்றன, நகலெடுத்துத் திருப்பிப் போட வேண்டும். கேமரா தூரம் போனதும் புடவை வேறு ஆடையாக மாறினால், தூரத்துக்கேற்ப மாறும் நான்கு எல்.ஓ.டி. நிலைகளில் கடைசி சிலவற்றில் பழைய மெஷ் கிடக்கிறது. உடம்பைப் பருமனாக்கும்போது வயிறு துணியைக் கிழித்து வெளியே வந்தால், உடல் வடிவ மாற்றத்தைத் துணிக்குச் சொல்லும் இரண்டாவது யூவி வரைபடத்தில் பிழை. படத்தைத் துணிமேல் பொருத்தும் முதல் யூவியைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், அங்கேதான் அவள் அழுதாள். திருபுவனம் பட்டு ஒன்றைப் படமெடுத்து டெக்ஸ்சராகப் போட்டிருந்தாள். கொசுவத்துக்கு வந்ததும் ஜரிகைக் கரை பாம்பாக நெளிந்தது. யூவியில் மடிப்புகளைப் பிரிக்காமல் மடிப்பாகவே விட்டிருந்தது காரணம். கடைக்காரர் புடவையைப் பிரித்துப் போடுவது போல, மடிப்பு முழுவதையும் ஒரே நீள்சதுரமாகப் பிரித்தோம். கரை நேராக ஓடியது.

பட்டறையை அளவுக்கு மீறிப் புகழவும் கூடாது. ஸ்தபதியின் அம்மன் ஒரே நிலையில் நிற்பவள், அவளுடைய முடிச்சு எந்தக் காலத்திலும் அசையப்போவதில்லை. விளையாட்டுப் பெண் ஓட வேண்டும், சமைக்க வேண்டும், குழந்தையைத் தூக்க வேண்டும். எல்லா அசைவுக்கும் கையால் பங்கு போட்டால் ஒரு புடவைக்கு மாதக்கணக்காகும். ஆகவே இரவலை விட முடியாது. எதை இரவல் வாங்குவது, எங்கே நிறுத்துவது என்பதில்தான் விவரம் வேண்டும்.

இடுப்புக்குக் கீழே மட்டும், கால்சட்டையை விட்டு நீளப் பாவாடை ஒன்றிலிருந்து வெயிட்டை வாங்கினோம். கொசுவத்தில் இரண்டு தொடைகளின் பங்கையும் கையால் கலந்தோம். தோளைத் தாண்டிய முந்தானை முழுவதையும் கையிலிருந்து பிடுங்கி முதுகெலும்புக்குக் கொடுத்தோம். அதற்கே இரண்டு இரவு ஆனது. இப்போது அந்தப் பெண் வணக்கம் சொல்கிறாள், முந்தானை முதுகிலேயே இருக்கிறது. உட்காரும்போது வலது முழங்கால் மட்டும் இன்னும் ஓர் இழை வெளியே தெரிகிறது. அண்ணன் மகள் அந்த ஐந்தாறு புள்ளிகளைத் தேர்ந்தெடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டிருக்கிறாள்.