டேப்பட்டா, பேக்கிங்கா? மெக்கானிக் ஸ்டெதஸ்கோப்பை மாட்டிக் கேட்டபோது

பழைய பெட்ரோல் காரின் பானெட்டுக்குள்ளிருந்து ‘டிக் டிக்’ என்று எது கேட்டாலும் நம்மூர்ப் பட்டறைகளில் அதற்கு ஒரே பெயர்தான்: டேப்பட் சத்தம். பெரும்பாலும் அது சரியாகவும் இருந்துவிடும். அதனாலேயே, சரியில்லாத சமயத்திலும் யாரும் இன்னொரு முறை யோசிப்பதில்லை. என் பழைய மாருதி 800-இன் சத்தத்தைத் தெருவில் நின்றபடியே கேட்ட மெக்கானிக் அண்ணன், “டேப்பட்டுதான் தம்பி, ஞாயித்துக்கிழமை கொண்டாந்து விடுங்க, வெச்சுடலாம்” என்றார். காலையில் ஸ்டார்ட் செய்ததும் பலமாகக் கேட்கும், இன்ஜின் சூடேறியதும் மங்கும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் டிக்கும் கூடவே ஓடும். இந்த ஒரு சத்தத்தைச் சாக்காக வைத்து மூன்று கருவிகளைச் சோதித்துப் பார்த்தேன்: சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மெக்கானிக் ஸ்டெதஸ்கோப், போனில் இலவசமாக இறக்கிக்கொள்ளும் ஒரு செயலி, வண்டியின் கம்ப்யூட்டரோடு பேசும் புளூடூத் ஓபிடி ரீடர்.

கடைசியில் சொன்னதை முதலிலேயே முடித்துவிடுகிறேன். ஓபிடி ரீடர் இந்த வேலைக்கு ஆகாது. இந்தியாவில் ஓபிடி கட்டாயமானது பி.எஸ். 4 மாசு விதிகளின் காலத்தில், முதல் கட்டம் 2010-இல், இரண்டாம் கட்டம் 2013-இல். அதற்கு முந்தைய எம்பிஎஃப்ஐ வண்டிகளில் கம்ப்யூட்டர் உண்டு, ஆனால் சந்தையில் விற்கும் ரீடருடன் அது பேசும் என்ற உத்தரவாதம் கிடையாது. என் வண்டியில் ‘இணைப்பு இல்லை’ என்ற வரியைத் தாண்டி எதுவும் வரவில்லை. புதிய வண்டியில் மாட்டினாலும் பெரிய பலன் இருக்காது. சென்சார் சொல்வதைத்தான் அது படித்துக் காட்டும். டேப்பட் இடைவெளியை அளக்க எந்தச் சென்சாரும் இல்லை.

செயலி பரவாயில்லை. ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவான ஃபைஃபாக்ஸ் என்ற இலவச இயற்பியல் செயலி, மைக்கில் விழும் ஒலியை அலைவடிவமாகத் திரையில் காட்டும். இதன் பயன் புரிய ஒரு சின்னக் கணக்கு போதும். ஐட்லிங்கில் இன்ஜின் நிமிடத்துக்கு 900 சுற்று ஓடுகிறது என்றால், நொடிக்கு 15 சுற்று. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் கேம் ஷாஃப்ட் அதில் பாதி வேகத்தில்தான் சுற்றும். ஆகவே ஒரு வால்வு நொடிக்கு ஏழரை முறை தட்டும். இரண்டு தட்டுக்கும் இடைவெளி சுமார் 133 மில்லிநொடி. கிராங்க் புல்லியோ ஃப்ளைவீலோ ஒரு சுற்றுக்கு ஒரு முறை எதையாவது உரசினால் இடைவெளி அதில் பாதி, 67 மில்லிநொடி. காதால் இதை எண்ண முடியாது, திரையில் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். என் வண்டியில் முகடுகள் 133-ஐ ஒட்டியே நின்றன. கிராங்கோடு சுற்றும் சமாச்சாரங்கள் பட்டியலிலிருந்து கழன்றன.

அத்தோடு செயலியின் வேலை முடிந்தது. ஒரு சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு திறப்பதும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் பேக்கிங் ஓரிடத்தில் கருகிப்போனால், அந்த சிலிண்டர் புகையைத் தள்ளும் ஒவ்வொரு முறையும் ‘டிக்’ என்று கசியும், அதே 133 மில்லிநொடி இடைவெளியில். ஸ்பார்க் பிளக் சரியாக முறுக்கப்படாமல் கம்ப்ரஷன் கசிந்தாலும் அதே தாளம். எங்கிருந்து வருகிறது என்று செயலியால் சொல்ல முடியாது.

இனி ஸ்டெதஸ்கோப். பாரிஸில் 1816-இல் மருத்துவர் லெனெக் ஒரு காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்டதில் தொடங்கிய கருவி; மெக்கானிக் கைக்கு வந்தபோது நெஞ்சில் வைக்கும் தட்டுக்குப் பதிலாக ஒரு எஃகுக் கம்பி முளைத்திருக்கிறது, அவ்வளவுதான். நான் வாங்கியதில் ரப்பர் குழாய் கனமானது, காது முனைகள் மட்டும் மட்டமான பிளாஸ்டிக். கொஞ்ச நேரத்தில் காது வலிக்கிறது. நம் மெக்கானிக்குகள் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் பிடியைக் காதோரம் வைத்துக் கேட்பதும் இதே தத்துவம்தான். கேட்டுப் பழகியவர் காதுக்கு அதுவே போதும். ஆனால் ஓடும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோக வேண்டியிருப்பதால் புதியவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

முதல் முறை கம்பியை வால்வு கவரில் வைத்ததும் தூக்கிவாரிப் போட்டது. இவ்வளவு சத்தத்தோடா இந்த இன்ஜின் ஓடுகிறது! இன்ஜெக்டர் மேல் வைத்தால் டைப்ரைட்டர் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்த மாதிரி இருக்கிறது. இதில்தான் பலர் ஏமாறுவார்கள். உலோகம் ஒலியை நன்றாகக் கடத்தும். அலுமினிய ஹெட்டில் எங்கே தொட்டாலும் எல்லாமே கேட்கும். சத்தமாகக் கேட்கும் இடம்தான் கோளாறு உள்ள இடம் என்று எடுத்துக்கொண்டால் நல்ல இன்ஜெக்டரைக் கழற்றி மாற்ற வேண்டிவரும். ஒரே மாதிரி இடங்களை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும்: மூன்று இன்ஜெக்டரையும் அடுத்தடுத்து, வால்வு கவரில் மூன்று சிலிண்டருக்கு நேரே ஒரே தூரத்தில். மூன்றில் ஒன்று மட்டும் மாறுபட்டால்தான் அது சேதி.

என் வண்டியில் மூன்று இன்ஜெக்டரும் ஒரே குரலில் பேசின. வால்வு கவரிலும் அப்படியே. வெளியே காதுக்குக் கேட்ட கூர்மையான டிக், கம்பி வழியாக எங்குமே அதே கூர்மையோடு வரவில்லை. டேப்பட்தானா என்ற சந்தேகம் விழுந்தது இங்கேதான். இன்னொன்றும் இடித்தது. இந்த வகை சுசுகி இன்ஜினில் ராக்கர் ஆர்மில் இருக்கும் ஸ்க்ரூவைத் திருகி, ஃபீலர் கேஜ் விட்டு இடைவெளி வைப்பார்கள். சூடேறி ஹெட் விரியும்போது அந்த இடைவெளி சற்றுக் கூடவே செய்யும். அப்படியானால் டேப்பட் சத்தம் சூட்டில் மங்குவானேன்?

கருவியின் உண்மையான அருமை அந்தக் கம்பியைக் கழற்றிய பிறகே தெரிந்தது. கம்பி பொருந்தியிருக்கும் டிரம்மோடு சேர்த்து அதைக் கழற்றிவிட்டு வெறும் குழாயின் வாயை மேனிஃபோல்டு ஓரமாக, தொடாமல், மெல்ல நகர்த்தினேன். உலோகம் வழியாக வரும் சத்தமெல்லாம் அடங்கி, காற்றில் வருவது மட்டும் காதுக்கு வந்தது. ஒரு சிலிண்டருக்கு நேரே ‘டிக்’ இல்லை, ‘ஃபுட் ஃபுட்’. இரண்டு விரல்கடை நகர்த்தினால் காணாமல் போனது. டார்ச் அடித்துப் பார்த்தால் அந்த இடத்தில் பேக்கிங் விளிம்பிலிருந்து ஹெட் மேல் கரிக்கோடு. குளிர்ந்த உலோகத்தில் இடுக்கு திறந்திருக்கும், சூட்டில் விரிந்து அடைத்துக்கொள்ளும். காலையில் மட்டும் பலமாகக் கேட்டதன் கணக்கு இதுதான்.

உறுதி செய்ய இன்னொரு சோதனை உண்டு. ஐட்லிங்கில் அந்த சிலிண்டரின் இன்ஜெக்டர் கனெக்டரை மட்டும் சில நொடி பிடுங்கிப் பார்க்க வேண்டும். மூன்று சிலிண்டரில் ஒன்று போனால் வண்டி குலுங்கித் தள்ளும், பயப்பட வேண்டாம். எரியாத சிலிண்டரிலிருந்து வரும் அழுத்தம் குறைவதால் கசிவுச் சத்தம் சட்டென்று தளரும். டேப்பட் சத்தமென்றால் பெட்ரோல் வந்தாலும் வராவிட்டாலும் அது பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருக்கும். பழைய வழக்கப்படி பிளக் வயரைப் பிடுங்கக் கூடாது. ஷாக் அடிக்கும், எரியாத பெட்ரோல் கேடலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் அதையும் கெடுக்கும்.

இதே சோதனையில் அடி இன்ஜினிலிருந்து கனமான ‘டொக் டொக்’ தளர்ந்தால் விஷயம் வேறு. அது கனெக்டிங் ராட் பேரிங்காக இருக்கலாம். அந்த வண்டியைப் பட்டறைக்குக்கூட ஓட்டிக்கொண்டு போகாமல் கட்டி இழுத்துச் செல்வதே நல்லது.

பேக்கிங் மாற்றியதும் டிக் நின்றது. வயதான வண்டியில் பேக்கிங் கருகுவது இயல்பு, யாரையும் நோக வழியில்லை. நட்டுகளைக் கழற்றும் முன் துருவகற்றும் எண்ணெயை இரவே விட்டு ஊறவிடுங்கள். மேனிஃபோல்டு ஸ்டட் உள்ளேயே முறிந்தால் சிறிய செலவு பெரிய செலவாகிவிடும்.

அன்றே டேப்பட்டையும் இறுக்கியிருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும் என்று கேட்கலாம். இடைவெளி தேவையைவிடக் குறைந்தால் வால்வு முழுதாக உட்காராது, சூட்டை ஹெட்டுக்குக் கொடுக்க முடியாமல் விளிம்பு எரிந்துபோகும். கொஞ்சம் தட்டுகிற டேப்பட்டைவிட, சத்தமே போடாத அளவுக்கு இறுக்கிய டேப்பட்தான் இன்ஜினுக்கு எதிரி. கேஸ் கிட் மாட்டிய வண்டிகளில் வால்வு சீட் தேய்ந்து இடைவெளி தானாகவே குறையும் என்பதால் அங்கே இன்னும் கவனம் வேண்டும். கெட்டியான ஆயிலை ஊற்றிச் சத்தத்தை அமுக்கும் வைத்தியமும் எனக்கு உடன்பாடில்லை. எந்தக் கருவியை எடுக்கும் முன்பும் டிப் ஸ்டிக்கை உருவி ஆயில் அளவைப் பாருங்கள். அது காசில்லாத சோதனை.

ஸ்டெதஸ்கோப்பின் குறைகள் இரண்டு. குழாய் தொங்கும், பெல்ட் இழுத்துக்கொள்ளும். தலைமுடி, துப்பட்டா, சட்டைக் கை எல்லாவற்றையும் கட்டிக்கொண்டுதான் குனிய வேண்டும். ரேடியேட்டர் மின்விசிறி எப்போது வேண்டுமானாலும் சுழலத் தொடங்கும். மூடிய ஷெட்டுக்குள் இந்த வேலையைச் செய்யவே கூடாது. கசிவது கார்பன் மோனாக்சைடு கலந்த புகை, வாசனை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. அடுத்த குறை, ஓடும் வண்டியில் இதைப் பயன்படுத்த வழியில்லை. வீல் பேரிங் மாதிரியான சத்தங்களுக்கு, கிளிப் போட்டு ஆங்காங்கே மைக் மாட்டி உள்ளே உட்கார்ந்து கேட்கும் மின்னணுக் கருவிகள் உண்டு. அவை பட்டறை வைத்திருப்பவருக்குக் கட்டுப்படியாகும், வீட்டுக்கு வேண்டாம்.

வாங்குவதென்றால் கம்பியும் டிரம்மும் தனியாகக் கழலும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். ஒட்டியே வருவதில் பாதிப் பயன் போய்விடும். பத்து, இருபது வருட வண்டி வைத்திருந்து, தானே பானெட்டைத் திறக்கும் பழக்கமுள்ளவருக்கு இது போட்ட காசை ஒரே தடவையில் எடுத்துக் கொடுக்கும். புதிதாக டைரக்ட் இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் கார் வாங்கியவர்கள் மட்டும் இந்தப் பக்கம் வர வேண்டாம். அந்த இன்ஜின்களின் ஹை பிரஷர் பம்பும் இன்ஜெக்டர்களும் பிறவியிலேயே டிக் டிக் என்றுதான் ஓடும். கம்பி வைத்துக் கேட்டால் வாரன்டி முடியும்வரை தூக்கம் வராது.