இரண்டு கோவேறு கழுதைகள்

ராயபுரத்தின் பெயரே இராயப்பரிடமிருந்து, அதாவது புனித பேதுருவிடமிருந்து வந்தது. ஃபாதர் வீட்டுக்கு வந்தால் நாற்காலியைத் துடைத்துப் போடுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அதனால் வில்லா கேதர் 1927இல் வெளியிட்ட 'டெத் கம்ஸ் ஃபார் தி ஆர்ச்பிஷப்' நாவலின் இரண்டு பிரெஞ்சுச் சாமியார்களும் எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை.

லத்தூர், வையான் என்ற அந்த இருவரும் நியூ மெக்சிகோவின் பாலைவனத்தில் ஊழியம் செய்கிறார்கள். லாமி, மாஷ்பெஃப் என்ற உண்மையான குருக்களின் சாயலில் படைக்கப்பட்டவர்கள். ஒருவர் அமைதி, மற்றவர் படபடப்பு. இரண்டு வெள்ளைக் கோவேறு கழுதைகளில் ஏறி ஊர் ஊராகப் போகிறார்கள். காதல் கதைகளில்கூட இவ்வளவு நேசத்தை நான் அதிகம் வாசித்ததில்லை.

ஆனால் இந்த நட்பைத் தாங்கிப் பிடிப்பது யார்? வழியில் ஒரு கொலைகாரனின் வீட்டில் இருவரும் தங்கப் போகிறார்கள். அவன் மனைவி மக்தலேனா சைகையால் எச்சரித்து அவர்களைக் காப்பாற்றுகிறாள். அவள் இல்லையென்றால் அன்றிரவே நட்பும் முடிந்திருக்கும், நாவலும் முடிந்திருக்கும். அவளுக்குக் கிடைப்பதோ கன்னியர் மடத்துச் சமையலறை. அடியும் உதையுமாக வாழ்ந்தவளுக்கு அது விடுதலைதான், மறுக்கவில்லை. ஆனாலும் அவளுக்கென்று ஒரு தோழியைக் கதை தரவில்லை.

பிரான்சில் வையானின் தங்கை கன்னியாஸ்திரியாக இருக்கிறாள். அவளுடைய மடத்துப் பெண்கள் அவருக்காகப் பூசை உடைகள் தைக்கிறார்கள். அவர் கடிதங்களை வாசித்துவிட்டு, ஓர் இளம் கன்னி ஜன்னலருகே நின்று தெருவின் வளைவைப் பார்க்கிறாள். அதற்கு அப்பால்தான் நியூ மெக்சிகோ என்று நினைத்துக்கொள்கிறாள். ஆண்கள் போகிறார்கள், பெண்கள் தைத்துக்கொண்டே கற்பனை செய்கிறார்கள். எங்கள் கோயிலின் பீடத்துணிகளைத் துவைத்து மடித்த அக்காமார்களின் கைகளை அந்தப் பக்கத்தில் பார்த்தேன்.

என்னை மிகவும் தொந்தரவு செய்த இடம் வேறு. தனிமை தாங்காமல் லத்தூர், தொலைவில் ஊழியத்தில் இருக்கும் வையானைத் திரும்ப அழைத்துக்கொள்கிறார். வேறு காரணமே கிடையாது. பிஷப்புக்கு அந்த அதிகாரம் இருக்கிறது. பிறகு அதை நண்பரிடம் ஒப்புக்கொள்கிறார். கொலராடோவுக்கு அவரை அனுப்பியும் வைக்கிறார். பழகிய கழுதைகளைப் பிரிக்க மனமில்லாமல் இரண்டையுமே கொடுத்துவிடுகிறார்.

என் தோழி கல்யாணமாகி எண்ணூருக்குப் போய்ப் பல வருஷம் ஆகிறது. ஒரே பஸ்ஸில் போய்விடலாம். "சும்மா உன்னைப் பார்க்கணும்டி" என்று அவளைக் கூப்பிட எனக்கு அதிகாரம் இல்லை. வருவதற்கு அவள் மாமியாரிடம் ஒரு காரணம் சொல்ல வேண்டும். போவதற்கு நானும் என் வீட்டில் சொல்ல வேண்டும். சாவு, சடங்கு, பேறுகாலம் என்றால் காரணம் உண்டு. நட்பு மட்டும் ஒரு காரணமாக ஏற்கப்படுவதில்லை. எங்கள் வீட்டு ஆண்கள் காசிமேட்டில் நண்பர்களோடு உட்கார்ந்துவிட்டு வர யாரிடமும் காரணம் சொன்னதில்லை.

அந்தக் குருக்களுக்குக் குடும்பம் இல்லை, அதனால் நட்பு வாய்த்தது என்று சொல்லலாம். அது பாதி உண்மைதான். அந்த இளம் கன்னிக்கும் குடும்பம் இல்லை. அவளுக்கு வாய்த்தது ஜன்னல். நட்புக்கு நேசம் மட்டும் போதாது. நேரம் வேண்டும், வழி வேண்டும், ஏறிப்போக ஒரு கழுதை வேண்டும்.

கேதர் இதை அறியாதவர் அல்ல. எடித் லூயிஸ் என்ற பெண்ணோடு ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஒரே வீட்டில் வாழ்ந்தவர் அவர். அந்த நெருக்கத்தை எழுதும்போது இரண்டு ஆண்களுக்கு அங்கி மாட்டிவிட்டாரோ என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படியென்றால் அங்கியைக் கழற்றிவிட்டு வாசிப்பது நம் வேலை.

புத்தகத்தை மூடியதும் தோழிக்குப் போன் செய்தேன். "என்னடி, ஏதாவது விசேஷமா?" என்று பதறினாள். ஒன்றுமில்லை என்றேன். கொஞ்ச நேரம் இருவருமே பேசவில்லை. பிறகு சிரித்தாள்.