பன்னாட்டு உறவுப் பாடம்: மரபுகளும் ஓர் உரைகல்லும்

பன்னாட்டு உறவுகள் என்பது கல்லூரிப் பாடமாகி நூறாண்டுகளைச் சற்றே தாண்டியிருக்கிறது. முதல் உலகப் போர் ஓய்ந்த கையோடு, 1919இல், வேல்ஸிலுள்ள அபெரிஸ்ட்வித் கல்லூரியில் இதற்கென உலகின் முதல் பேராசிரியர் பதவி ஏற்பட்டது. இந்தியாவில் விடுதலைக்கு முன்பே இதற்கு வித்திட்டுவிட்டார்கள். 1943இல் தோன்றிய உலக விவகாரங்களுக்கான இந்தியக் கவுன்சில்தான் 1947இல் தில்லி புராணா கிலாவில் ஆசிய உறவுகள் மாநாட்டைக் கூட்டியது. அதன் முயற்சியால் 1955இல் பன்னாட்டு ஆய்வுக்கான இந்தியப் பள்ளி பிறந்தது. அதன் முதல் இயக்குநர் ஏ. அப்பாதுரை, சென்னையில் அரசியல் போதித்துவிட்டுத் தில்லி போனவர். 1970இல் அந்தப் பள்ளி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. ஒரு நாட்டைப் பற்றிப் பேசுமுன் அந்நாட்டின் மொழியைக் கற்றுக்கொள், அங்கே போய் இரு, ஆவணங்களைப் பார், பிறகு எழுது என்பதே அங்கே வேரூன்றிய பிராந்திய ஆய்வு மரபின் கட்டளை. செலவு பிடிக்கும் மரபு, ஆனால் கறாரானது. கொல்கத்தாவின் ஜாதவ்பூர் பல்கலைக்கழகமும் 1956லேயே இதற்குத் தனித் துறை கண்டது.

சென்னை மரபின் குணம் வேறு. தில்லி மாஸ்கோவையும் பெய்ஜிங்கையும் பார்த்துக்கொண்டிருந்தபோது, சென்னைக்குப் பக்கத்துக் கடலே போதுமான பாடமாக இருந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தெற்கு, தென்கிழக்காசிய ஆய்வு மையமும் அதன் இயக்குநராக இருந்த வி. சூரியநாராயணனும் கச்சத்தீவு, பாக் நீரிணை மீனவர், மலையகத் தமிழர், அகதிகள் என்று எழுதியவை இம்மரபுக்கு நல்ல சான்று. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கையில் நாடற்றவர்களாக நின்ற இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்றது. அந்த மீதியை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. பிரிக்கப்பட்டவர்களிடம் யாரும் கருத்துக் கேட்டதாகத் தெரியவில்லை. திரும்பி வந்தவர்களுக்காக 1969இல் தொடங்கியதுதான் இன்று பல ஊர்களில் பலகை தொங்கும் ரெப்கோ வங்கி. ஒப்பந்தத்தின் ஒரு வரி மனிதர்களின் வாழ்வை எப்படித் திருப்பிப் போடும் என்பதைச் சென்னை மரபு அருகிலிருந்து பார்த்தது. கோட்பாட்டில் அதற்கு அவ்வளவு நாட்டமில்லை என்ற குறையும் உண்மையே.

மூன்றாவது மரபுதான் நம் இளங்கலை வகுப்புகளை இன்று ஆள்கிறது: பெயர்ப் பட்டியல் மரபு. இ.எச். கார் 1939, மார்கெந்தாவ் 1948, கென்னத் வால்ட்ஸ் 1979. யதார்த்தவாதம், இலட்சியவாதம், நவயதார்த்தவாதம். ஒவ்வொன்றுக்கும் ஐந்து கூறுகள், ஐந்து குறைகள். கைடில் அப்படியே இருக்கும், விடைத்தாளிலும் அப்படியே இறங்கும். எந்தக் கோட்பாடு பெரிது என்று வகுப்பில் நடக்கும் வாதம், சிவன் பெரியவரா திருமால் பெரியவரா என்று சங்கரன்கோவில் தலபுராணத்தில் சங்கனும் பத்மனும் நடத்திய வழக்கைப் போன்றது. அவ்வழக்காவது கோமதியம்மன் தவத்தாலும் சங்கரநாராயணர் காட்சியாலும் தீர்ந்தது. இந்தப் பட்டியலில் இந்திய மணம் வேண்டும் என்று கௌடில்யரின் மண்டலக் கோட்பாட்டைச் சேர்த்துக்கொள்கிறோம், அதையும் ஐந்து கூறுகளாக்கிவிடுகிறோம். குறளின் தூது அதிகாரமும், அதியமானுக்காகத் தொண்டைமானிடம் ஔவை போன தூதும் நல்ல பாடப்பொருள்கள். ஆனால் ‘எல்லாம் நம்மிடம் அன்றே இருந்தது’ என்று கைதட்டல் வாங்கி முடிவதானால் அவற்றைத் தமிழ்த் துறையிலேயே நிம்மதியாக விட்டுவிடலாம்.

அப்படியானால் தரத்தை எதைக்கொண்டு அளப்பது? சங்கரன்கோவில் போன்ற ஊரின் கல்லூரிக்குத் தில்லி மரபின் மொழிக்கூடமும் வெளிநாட்டுக் களப்பணியும் கைக்கெட்டாதவை. எட்டக்கூடிய ஓர் உரைகல் உண்டு: மாணவர் ஒரு மூல ஆவணத்தை முழுதாகப் படித்து, அதில் இருப்பது எது, இல்லாதது எது என்று பிரித்துச் சொல்ல முடிகிறதா? கச்சத்தீவு பற்றிய 1974 ஜூன் உடன்பாட்டையே எடுத்துக்கொள்வோம். அதில் இருப்பவை எட்டே விதிகள். தீவு யாருடையது என்று வெளிப்படையாக எழுதாமல், எல்லைக்கோடு செல்லும் புள்ளிகளைச் சொல்லி, கோட்டுக்கு அந்தப் பக்கம் இலங்கையின் இறையாண்மை என்கிறது. ஐந்தாம் விதி இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்போலவே தீவுக்கு வந்து போகலாம், அதற்குப் பயண ஆவணமோ விசாவோ வேண்டாம் என்கிறது. ஆறாம் விதி இரு நாட்டுக் கலங்களும் மற்றவர் கடலில் மரபாக அனுபவித்த உரிமைகளைப் பேசுகிறது. தீவைச் சுற்றி மீன் பிடிக்கலாமா? வெளிப்படையாக ஒரு சொல் இல்லை. அந்த மௌனத்தை 1976 மார்ச்சில் இரு நாட்டு வெளியுறவுச் செயலர்களின் கடிதப் பரிமாற்றம் அடைத்தது: ஒருவர் கடலில் மற்றவர் மீன்பிடிக்கக் கூடாது. தமிழ்நாட்டில் அப்போது குடியரசுத் தலைவர் ஆட்சி, மாநில அரசு கலைக்கப்பட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. இதோடு 1960இன் பெருபாரி வழக்கை வைத்துப் பார்க்கலாம். நாட்டின் நிலப்பகுதியை விட்டுக்கொடுக்க அரசமைப்புத் திருத்தம் வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். 2015இல் வங்கதேசத்தோடு நிலப்பகுதிகளை மாற்றிக்கொண்டபோது 100ஆவது திருத்தம் வந்தது, கச்சத்தீவுக்கு எதுவும் வரவில்லை. அது விட்டுக்கொடுத்த நிலமல்ல, தகராறிலிருந்த எல்லை என்பது ஒன்றிய அரசின் வாதம். அவ்வாதம் நிற்குமா நிற்காதா என்று இரண்டு பக்கம் எழுதத் தெரிந்த மாணவர், மார்கெந்தாவின் ஆறு கொள்கைகளை ஒப்பிக்கும் மாணவரைவிட இத்துறையில் மேலானவர் என்பேன்.

இதற்கு முதல் எதிர்ப்பு, உள்ளூரிலிருந்து தொடங்கினால் பாடம் மனத்தாங்கல் பட்டியலாகிவிடும் என்பது. மேடைப் பேச்சிலிருந்து தொடங்கினால் ஆகும். ஆவணத்திலிருந்து தொடங்கினால், எதிர்க்கரையில் நிற்பவரும் கண்ணில் பட்டே ஆக வேண்டும். இழுவைமடி மீன்பிடிப்பை இலங்கை 2017இல் சட்டம் போட்டுத் தடுத்தது. நம் விசைப்படகுகளால் வலை அறுந்து நிற்பவர் யாழ்ப்பாணத் தமிழ் மீனவர். இதைப் படித்த மாணவருக்கு நாம், அவர்கள் என்று கோடு கிழிப்பது அத்தனை எளிதாக வராது.

இரண்டாவது எதிர்ப்பு சற்றுக் கனமானது. வெளியுறவு ஒன்றியப் பட்டியலில் உள்ளது, அரசமைப்பின் 253ஆம் பிரிவு ஒப்பந்தங்களைச் செயல்படுத்தும் அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்கே தருகிறது, மாவட்டத்தில் உட்கார்ந்திருக்கும் மாணவருக்கு இதில் என்ன வேலை என்பார்கள். அதிகாரம் தில்லியில் இருக்கலாம், விளைவு இங்கே அல்லவா இறங்குகிறது? சங்கரன்கோவில் விசைத்தறிக்காரருக்கு நூல் விலை குறைய வேண்டும். 2021 பட்ஜெட்டில் இறக்குமதிப் பஞ்சுக்கு வரி போட்டார்கள். இந்தியப் பொருள்கள்மீது அமெரிக்கா 50 விழுக்காடு வரி விதித்த 2025 ஆகஸ்டில் அதைத் தற்காலிகமாக நீக்கினார்கள். ஆலைகள் வரவேற்றன, பருத்தி விவசாயிகள் எதிர்த்தார்கள். தறியும் பருத்தி விளையும் கரிசலும் அடுத்தடுத்து இருக்கும் வட்டாரம் இது. தேசநலன் என்று பாடநூல் ஒருமையில் சொல்வது யாருடைய நலன் என்ற கேள்வியை இதைவிடத் தெளிவாக எந்தக் கோட்பாட்டு நூலும் கேட்டுவிடாது. 20 ரூபாய்க்குக் குறைந்த சிகரெட் லைட்டர் இறக்குமதியை 2023 ஜூனில் தடை செய்த அறிவிப்பு, கோவில்பட்டி, கழுகுமலைப் பக்கத் தீப்பெட்டித் தொழிலின் நெடுநாள் கோரிக்கைக்குக் கிடைத்த பதில். கடையநல்லூரிலிருந்து வளைகுடா போகிறவருக்கு 1983இன் குடிபெயர்வுச் சட்டம் பாஸ்போர்ட்டிலேயே வந்து நிற்கிறது: பத்தாம் வகுப்பு தேறாதவர் குறிப்பிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அனுமதி பெற வேண்டும்.

கோட்பாட்டைத் தூக்கி எறியச் சொல்கிறேனா என்றால், இல்லை. அமெரிக்க வரியையும் லைட்டர் தடையையும் படித்த பிறகு, ஒன்றையொன்று சார்ந்த நாடுகள் ஏன் அந்தச் சார்பையே ஆயுதமாக்குகின்றன என்ற கேள்வி தானாக எழும். அப்போது வால்ட்ஸும் அவரை மறுத்தவர்களும் வகுப்புக்குள் வரட்டும். முதல் வாரத்திலேயே வந்தால் அவர்கள் வெறும் பெயர்கள்.

தமிழ்வழி மாணவருக்கு நூல்கள் எங்கே என்பது உண்மையான முட்டுக்கட்டை. பத்தாம் வகுப்புச் சமூக அறிவியலிலேயே இந்தியாவின் வெளியுறவுக் கொள்கை தமிழில் பாடமாக இருக்கிறது. கல்லூரிக்கு வந்ததும் அந்தத் தொடர்ச்சி மெலிந்து, போட்டித் தேர்வுக் குறிப்புகள் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. தேர்வுக்குப் படிப்பதைக் குறை சொல்ல வேண்டியதில்லை. குடிமைப் பணித் தேர்வின் பொதுப்பாடத் தாளிலேயே பன்னாட்டு உறவுகள் உண்டு, முதன்மைத் தேர்வு கேட்பதும் ஆய்ந்து எழுதும் விடையைத்தான். நூல் இல்லாத குறையை அடைக்கத் துறை நினைத்தால் வழி இருக்கிறது. இந்தியா செய்த ஒப்பந்தங்களின் வாசகத்தை வெளியுறவு அமைச்சகமே தன் இணையதளத்தில் தருகிறது. கச்சத்தீவு உடன்பாட்டின் எட்டு விதிகளை எட்டு மாணவர் ஆளுக்கொன்றாகத் தமிழாக்கி, வகுப்பில் ஒருவரையொருவர் திருத்தி, அகமதிப்பீட்டு மதிப்பெண்ணை அதற்கே கொடுக்கலாம். அடுத்த செமஸ்டருக்கு 1964 ஒப்பந்தம், அதற்கடுத்து 1987 ஜூலை 29இன் இந்திய-இலங்கை உடன்பாடு என்று போனால், மூன்றாண்டில் கல்லூரி நூலகத்தில் அடுத்த அணி மாணவர் திருத்தவும் மறுக்கவும் ஒரு தமிழ்த் தொகுப்பு இருக்கும்.