வீதப் பிரிப்பு: ஆய்வகத்தில் வென்றது எவ்வளவு?

பல பயனர் ஒரே அலைவரிசையைப் பகிர உதவும் பல்லணுகல் நுட்பங்களில் காகிதத்தில் வென்றவை பல. காற்றில் நிலைத்தவை சில. செங்குத்தல்லாப் பல்லணுகலான ‘நோமா’வைப் பற்றி ஆய்வேடுகள் மலையாய்க் குவிந்தன. கைபேசித் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு தன் 16ஆம் வெளியீட்டுக்காக அதை ஆராய்ந்தது. தரத்தில் சேர்க்காமலே விட்டது. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் புரூனோ கிளெர்க்ஸ் குழு 2023இல் வெளியிட்ட ‘ஆர்எஸ்எம்ஏ’ (வீதப் பிரிப்புப் பல்லணுகல்) முன்மாதிரியை அந்த அனுபவத்தோடுதான் எடைபோட வேண்டும்.

வீதப் பிரிப்புக் கருத்தின் வேர் 1981இன் ஹான்–கோபயாஷி ஆய்வில் இருக்கிறது. அடுத்தவருக்கான அலையை, பயனர்களைத் திசையால் பிரிக்கும் எஸ்டிஎம்ஏ நுட்பம் இரைச்சலாகவே விட்டுவிடுகிறது. நோமாவில் ஒரு பயனர் அதை முழுதும் படித்துக் கழிக்கிறார். ஆர்எஸ்எம்ஏ செய்தியைப் பிரித்து, ஒரு பகுதியை மட்டும் இருவரையும் படிக்கவைக்கிறது.

சோதனை முறை பாராட்டத்தக்கது. மென்பொருள் வானொலியில் ஆன்டெனாவும் பெருக்கியும் மாறாதிருக்க, நிரல் மட்டும் மாறுகிறது; எனவே மூன்று நுட்பங்களையும் ஒரே தராசில் நிறுக்க முடிகிறது. அலைவழி பற்றிய தகவல் கைபேசியிலிருந்து குறைந்த துல்லியத்தில் திரும்பி வரும் நிலையையும் அளந்திருக்கிறார்கள். கணினிப் பாவனைகள் பெரும்பாலும் தாண்டிப்போகும் இடம் அது. ஆர்எஸ்எம்ஏ மற்ற இரண்டையும் முந்துகிறது என்ற முடிவை அந்த எல்லைக்குள் ஏற்கலாம்.

எல்லைதான் சிறியது: இரண்டே பயனர்கள், நேர்ப்பார்வைப் பாதை. மெய்யான கோபுரத்தில் பயனர்கள் பலர். ஒருவருக்கொருவர் இடைஞ்சல் தராத இருவரைத் தேர்ந்து இணைப்பது கோபுரத்தின் ‘திட்டமிடி’ என்னும் மென்பொருளின் வேலை. தேர்வுக்கே இடமில்லாத சோதனையில் எஸ்டிஎம்ஏ தன் முழு வலிமையைக் காட்ட முடியாது. என் முதன்மையான ஆட்சேபம் இதுவே.

ஆனால் எதிர்த்தரப்புக்கும் நியாயம் உண்டு. நான் வசிக்கும் லண்டன் மனோர் பார்க்கில், சர்ச் ரோடு முருகன் கோயிலில் விழாக்கூட்டம் திரளும்போது, கோபுரத்திலிருந்து பார்த்தால் கைபேசிகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே திசையில் நெருங்கி நிற்கும். அங்கே திட்டமிடிக்கும் தேர்வு சுருங்கும். வீதப் பிரிப்பு தன் தகுதியைக் காட்ட வேண்டிய களம் அதுதான். செங்கல் வீடுகளில் மோதித் திரும்பும் அலையும், இடையே நகரும் பேருந்தும் சேர்ந்த அந்தச் சூழல் சோதனைக்குள் வரவில்லை.

இன்னொன்று: இருவரும் படிக்கும் பகுதிக்கும் தனிப் பகுதிகளுக்கும் இடையிலான சிறந்த பங்கீட்டை அளவீடுகளின் வழியே தேடிக் கண்டார்கள். ஓடும் வலையமைப்பில் அவ்வளவு அவகாசம் கிடையாது.

நுட்பம் இயங்கும் என்பதற்குச் சான்றாக இம்முன்மாதிரி தேறுகிறது. ஆய்வின் தலைப்பிலேயே இடம்பெற்ற ‘மேன்மை’ என்னும் கூற்று, பல பயனரும் திட்டமிடியும் உள்ள களத்தில் இன்னும் நிறுவப்படவில்லை.