மௌனத்துக்கு ஒற்றுப் போட்டவன்

22 வருஷமாகப் புரூஃப் பார்க்கிறவன் நான். 'கடைக்கு போனான்' என்று யாராவது எழுதி அனுப்பினால் என் பேனா தானாகப் போய் நடுவில் ஒரு 'ப்' போட்டுவிட்டு வரும். இப்படி எத்தனை ஆயிரம் க், ச், த், ப் போட்டிருப்பேனோ, கணக்கில்லை. போன தீபாவளிக்கு மறுநாள் ராத்திரி பதினொன்றரை மணிக்குத்தான் தெரிந்தது, நான் போட்டதெல்லாம் சத்தமே இல்லாத இடங்கள் என்று! அன்றைக்குப் போன தூக்கம் இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. திரும்பவும் வேண்டாம்.

காரணம் என் அக்கா மகன். மொழியியல் படிக்கிறான். பண்டிகைக்கு வந்தவன் என் லேப்டாப்பில் ஒரு மென்பொருளை ஏற்றினான். 'பிராட்' என்று பெயர். டச்சு மொழியில் பேச்சு என்று அர்த்தமாம். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் பால் பூர்ஸ்மா, டேவிட் வேனிங்க் என்ற இரண்டு பேர் எழுதியது. காசு கிடையாது, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். பார்க்கத்தான் லட்சணமாக இருக்காது. திறந்தால் இரண்டு சாம்பல் நிற ஜன்னல்கள், நிறைய பொத்தான்கள், பழைய பாங்க் கம்ப்யூட்டர் மாதிரி ஒரு முகம். "மாமா, ஏதாவது ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றான். நானும் வாய்க்கு வந்தபடி 'பட்டு' என்றேன்.

திரையில் கறுப்பும் சாம்பலுமாக ஒரு படம் விரிந்தது. இடமிருந்து வலமாக நேரம் ஓடுகிறது. கீழிருந்து மேலாக அதிர்வெண், பூஜ்யத்திலிருந்து 5000 ஹெர்ட்ஸ் வரை. எந்த உயரத்தில் சத்தம் வலுவாக இருக்கிறதோ அங்கே கறுப்பு. ஸ்பெக்ட்ரோகிராம் என்கிறார்கள். 'ப' தெரிந்தது, 'உ' தெரிந்தது. நடுவில் வெள்ளையாக ஒரு வெற்றிடம், ஒரு பல் விழுந்த மாதிரி.

"மைக் வயர் லூசா இருக்குடா" என்றேன்.

"வயர் நல்லாத்தான் இருக்கு மாமா. அதுதான் உங்க ட்ட்."

நாக்கு மேலே போய் அண்ணத்தை அடைத்துக்கொள்கிறது. காற்று உள்ளேயே நிற்கிறது. வெளியே ஒன்றும் வராது. என் வாயில் அது சுமார் 180 மில்லிசெகண்ட் நீடித்தது. பிறகு படீரென்று திறக்கும்போது ஒரு மெல்லிய செங்குத்துக் கோடு, அதன் பின்னே 'உ'. அந்த வெற்றிடத்தைத்தான் நாம் எழுத்தென்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். பத்துத் தடவை சொன்னேன், பத்துத் தடவையும் வெள்ளை. 'அப்பா', 'அக்கா', 'பத்து', எதைச் சொன்னாலும் நடுவில் ஒரு ஓட்டை!

பையன் தூங்கப் போய்விட்டான். நான் போகவில்லை. 'நான் நேத்து வந்தேன்' என்று ஒரு வாக்கியம் சொன்னேன். மூன்று சொல், நடுவில் இரண்டு இடைவெளி என்றுதானே அச்சுக்காரன் கண்ணுக்குத் தெரியும்? படத்தில் 'நான்' முடிகிற இடமும் 'நேத்து' தொடங்குகிற இடமும் ஒன்றோடொன்று குழைந்து கிடந்தன. 'நேத்து' போய் 'வந்தேன்'மேல் வழுக்கி விழுந்திருந்தது. அந்த வாக்கியத்தில் சத்தம் நின்ற ஒரே இடம் 'நேத்து'வின் வயிற்றுக்குள். சொற்களுக்கு நடுவே நான் இத்தனை வருஷம் காவல் காத்த இடைவெளிகள் வாயில் இல்லவே இல்லை. சிரிப்பு வந்துவிட்டது, கொஞ்சம் அழுகையும்.

அதற்கப்புறம் நடந்ததைச் சொன்னால் மிகைப்படுத்துகிறேன் என்பீர்கள். வல்லினம், மெல்லினம், இடையினம் என்று மூன்றாம் வகுப்பில் தலையில் கொட்டிச் சொல்லிக்கொடுத்தார்களே, அது கண்ணுக்குத் தெரிகிறது! இரட்டித்த வல்லினம் வெள்ளை இடைவெளி. மெல்லினம் வந்தால் அடியில் மட்டும் ஒரு கறுப்புப் பட்டை ஓடும், மேலே எல்லாம் மங்கிப்போகும். வாய் மூடி மூக்கு வழியே வரும் முணுமுணுப்பு அது. இடையினமோ உயிரெழுத்து மாதிரியே வரிவரியாக வளைந்து ஓடுகிறது. நம் ஆட்கள் காதையும் நாக்கையும் மட்டும் வைத்துக்கொண்டு பிரித்திருக்கிறார்கள். தொல்காப்பியத்தின் பிறப்பியலை எடுத்து மறுபடி படித்தேன். தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்று எட்டு இடங்கள். பரீட்சைக்கு மனப்பாடம் செய்த பட்டியல்தான். இப்போது படிக்கும்போது என் நாக்கு தானாக ஒவ்வொரு இடமாகத் தொட்டுப் பார்த்தது.

இந்தப் படம் எடுக்கும் வித்தை 1940களில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிறந்தது. காது கேளாதவர்கள் பேச்சைக் கண்ணால் படிக்கலாம் என்ற ஆசை அதன் பின்னே இருந்தது. 1947இல் 'கண்ணுக்குத் தெரியும் பேச்சு' என்ற பொருளில் தலைப்பிட்டுப் புத்தகமே போட்டார்கள். பிறகு வந்த இயந்திரத்தில் ஒரு தாளில் 2.4 விநாடிப் பேச்சுதான் அடங்கும், அதை வரைய நிமிஷக் கணக்கில் காத்திருக்க வேண்டும். நான் ஒரு பட்டனைத் தட்டினால் கண் சிமிட்டுவதற்குள் வந்துவிடுகிறது. வெட்கமாக இருக்கிறது.

அந்தக் காலத்து ஆராய்ச்சியாளர்களில் என் மனசைப் பறித்தவர் லீ லிஸ்கர். 'ரேப்பிட்' என்ற ஆங்கிலச் சொல்லின் நடுவில் இருக்கும் மௌனத்தை வெட்டிக் குறைத்தால், கேட்கிறவர் காதில் அது 'ரேபிட்' ஆகிவிடும் என்று 1957இல் காட்டியவர். 1964இல் அவரும் ஆர்தர் ஆப்ரம்சனும் சேர்ந்து 11 மொழிகளை எடுத்து, வாய் திறந்ததற்கும் குரல் தொடங்குவதற்கும் நடுவே எவ்வளவு நேரம் என்று அளந்தார்கள். அந்த 11இல் தமிழும் ஒன்று! படித்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

சும்மா இருக்க முடியுமா? 'பாட்டு' என்று பதிவு செய்து, நடுவிலிருந்த மௌனத்தை எலி கொறிப்பது மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினேன். 120 மில்லிசெகண்டிலும் 'பாட்டு'. 80இல் சந்தேகம். 30க்கு வந்ததும் மனைவியைக் கூப்பிட்டு ஹெட்போனை மாட்டிவிட்டு, "என்ன கேக்குது?" என்றேன்.

"பாடு."

"நல்லாக் கேட்டியா?"

"பாடுன்னுதான் சொல்லுது. மணி ஒண்ணாச்சு. நீங்களே பாடிட்டு வந்து படுங்க."

பெயர்ச்சொல்லை வினைச்சொல் ஆக்கியிருந்தேன். ஓர் எழுத்தைக்கூடத் தொடாமல், ஒன்றுமில்லாததில் கொஞ்சத்தை எடுத்து!

குரலின் ஏற்ற இறக்கத்துக்கு வேறு கோடு, நீல நிறம். வளர்ந்த ஆண் குரல் பொதுவாக 100 முதல் 130 ஹெர்ட்ஸ் அக்கம்பக்கம், பெண் குரல் 200ஐ ஒட்டி. நான் இதை அம்மாவிடம் சோதித்தேன். அம்மா கதை கேட்டால் 'ம்' கொட்டுவாள். ஒரு மதியம் அவள் பக்கத்தில் மைக்கை வைத்துவிட்டு ஊர் நியாயமெல்லாம் பேசினேன். 41 'ம்' சிக்கின. எழுதினால் எல்லாம் ஒரே ஒரு புள்ளி வைத்த மகரம். படத்தில் ஒன்றும் ஒன்று மாதிரி இல்லை. 'மேலே சொல்லு' என்பது சமதளமாகப் போய்க் கடைசியில் லேசாக மூக்கைத் தூக்குகிறது. 'அப்படியா!' என்பது கீழிருந்து சரசரவென்று ஏறுகிறது. 'அவளா, அவளைப் பத்தி எனக்குத் தெரியாதா' என்பதற்கு ஒரு 'ம்' இருக்கிறதே, ஏறி, நின்று, மெதுவாக இறங்கி, தரையில் கால் ஊன்றுகிறது. அரை விநாடிக்குள் ஒரு குடும்ப வரலாறு.

ஒரு இடத்தில் மட்டும் பயந்துபோனேன். 190இல் போய்க்கொண்டிருந்த அம்மாவின் கோடு திடீரென்று 95க்கு விழுந்தது. வாக்கியத்தின் முடிவில் குரல் கரகரத்தால் கணக்கு தடுமாறி, பாதியாகக் காட்டிவிடும் என்று மருமகன் போனில் சொன்னான். கீழ் எல்லையை 75இலிருந்து கொஞ்சம் உயர்த்தி வைத்ததும் சரியானது. கருவி சொல்வதை அப்படியே நம்பக் கூடாது, அதற்கும் புரூஃப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கடைசியாக ஒரு வாக்குமூலம். எனக்கு ழ வராது. மதுரைக்காரன். 'வாளைப்பளம்' என்று சொல்லிக்கொண்டே அதில் ளவை அடித்து ழ போட்டுச் சம்பாதித்தவன். மனைவிக்கு நாகர்கோவில் பக்கம். ழ அவளுக்குப் பிறவிச் சொத்து. கல்யாணமான நாளிலிருந்து என்னைத் திருத்திப் பார்த்து ஓய்ந்துவிட்டாள். உயிரெழுத்தும் இடையினமும் ஓடுகிற அந்த வரிகளுக்கு ஃபார்மன்ட் என்று பெயர். கீழிருந்து எண்ணினால் ஒன்று, இரண்டு, மூன்று. அவள் 'பழம்' என்று சொன்னதைப் பதிந்தேன். 'ழ' வரும்போது மூன்றாவது வரி அப்படியே கீழே குனிந்து இரண்டாவதை முத்தமிடப் போகிறது! என்னுடைய 'பள'த்தில் அது இவ்வளவு இறங்கவில்லை. ஷ்ரீகாந்த் நாராயணனும் இன்னும் இரண்டு பேரும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், தமிழின் ர, ற, ல, ள, ழ ஐந்தையும் எம்.ஆர்.ஐ. எடுத்தே பார்த்திருக்கிறார்கள். நாக்கு நுனி மேலே எழும்ப வேண்டும், ஆனால் ஒட்டிக்கொள்ளக் கூடாது. நான் 46 வருஷமாக ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்றிலிருந்து தினமும் ஆபீஸ் கிளம்பும் முன் பத்து நிமிஷம் கண்ணாடிக்குப் பதிலாகத் திரை முன்னால் நிற்கிறேன். காது ஏமாற்றுகிற அளவுக்கு வரி ஏமாற்றாது. பளம், பளம், பயம், பளம். போன செவ்வாய்க்கிழமை காலையில் மூன்றாவது வரி குனிந்தது. முழுசாக இல்லை, பாதி தூரம். அடுப்படியிலிருந்து அவள் தலையை நீட்டி, "இப்ப யாரு பேசுனது?" என்றாள். அந்தக் கோப்புக்கு 'பழம்-23' என்று பெயர் வைத்திருக்கிறேன்.