மாமூல் கத்தியும் மோகக் கத்தியும்

நவாஹா என்கிற ஸ்பானிய மடக்குக்கத்தியைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் எல்லோருமே காதலில் ஆரம்பித்து ரத்தத்தில் முடிக்கிறார்கள். பொறாமை, மானம், அந்தலூசிய வெயில், ஜிப்சிப் பெண், இடுப்புக் கச்சையில் செருகிய கத்தி என்ற இந்த வரிசை நூற்றைம்பது வருஷத்துக்கும் மேலாகக் கலையாமல் இருந்துவருகிறது. இந்தக் கதையாடலின் மேல் எனக்குச் சந்தேகம் வரக் காரணம் ஒரு புத்தகத்தின் தலைப்பு. 1849இல் மாத்ரிதில் வெளியான அந்தச் சிறிய நூலுக்கு 'பராத்தேரோவின் கையேடு, அல்லது நவாஹாவையும் கத்தியையும் ஹித்தானோக்களின் கத்தரியையும் கையாளும் கலை' என்று பெயர். மடக்குக்கத்திச் சண்டையைப் படம் போட்டுப் பாடமாகச் சொல்லும் பழைய பிரதி என்று எல்லோரும் கை காட்டுவது இதைத்தான். ஹித்தானோக்கள் என்றால் ஸ்பெயினின் ஜிப்சிகள். அது சரி, பராத்தேரோ யார்?

சிறைச்சாலையிலும் பட்டாளத்து முகாமிலும் கடற்கரை மணலிலும் சூதாட்டம் நடக்கும். ஜெயித்தவனிடமிருந்து ஒரு பங்கு பிடுங்கப்படும். அந்தப் பங்குக்குப் பெயர் பராத்தோ, பிடுங்குகிறவன் பராத்தேரோ. நம்மூர் பாஷையில் சொன்னால் மாமூல் வசூலிக்கிற ஆள். அவன் உட்கார்ந்து ஆட வேண்டியதில்லை. என் சீட்டுக்கட்டில்தான் இங்கே ஆட வேண்டும் என்று சொல்லி அதை நடுவில் போட்டுவிட்டால் போதும். மறுப்பவனுக்குக் கத்தி காத்திருக்கிறது. இன்னொரு பராத்தேரோ வந்து அந்த இடத்துக்கு உரிமை கொண்டாடினால் இரண்டு பேரும் மோத வேண்டியதுதான். ஆக, கையேடு சொல்லித்தரும் சண்டைக்குப் பின்னால் இருப்பது வசூல் எல்லை. காதலி யாரும் இல்லை.

கையேட்டை எழுதியவர் எம்.தெ.ஆர். என்று மூன்று எழுத்துகளுக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறார். மரியானோ தெ ரெமெந்தேரியா இ ஃபீகா என்பவர்தான் அது என்று வழக்கமாகச் சொல்வார்கள். அந்த மனிதர் 1841இலேயே இறந்துவிட்டார் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்குச் சுவாரஸ்யமாகப் படுவது வேறு. கனவான்கள் எப்படி நடக்க வேண்டும், எப்படிப் பேச வேண்டும் என்று கற்பிக்கும் நாகரிகக் கையேடு ஒன்றை 1829இல் ஸ்பானியத்தில் கொண்டுவந்தவர் அவர். உடம்பைப் பாடம் பாடமாகப் பிரித்துப் பழக்கும் 'கையேடு' என்கிற வடிவம் அந்த நூற்றாண்டின் மோகங்களில் ஒன்று. ஃபூக்கோ படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விருந்து மேஜைக்கு வந்த அதே வடிவம் சூதாட்ட ஜமுக்காளத்துக்கும் வந்துசேர்ந்தது. எழுதியவர் யாராக இருந்தாலும் அவர் பராத்தேரோ இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம்.

இதைத் தனியாகப் படித்தால் பாதிதான் புரியும். பக்கத்தில் ஸ்பானிய வாள்வித்தை நூல்களை வைக்க வேண்டும். கரான்ஸா 1582இலும், பச்செக்கோ தெ நார்வாயெஸ் 1600இலும் வெளியிட்ட நூல்களில் வாள் என்பது வட்டம், நாண், கோணம் எல்லாம் சேர்ந்த வடிவகணிதம். 'மெய்யான வித்தை' என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். வித்தை மெய்யானது என்றால் பொய்யான, கொச்சையான வித்தை ஒன்றும் இருந்தாக வேண்டுமே! தெருவில் குத்துகிறவனுக்குப் பலம் உண்டு, பழக்கம் உண்டு, ஆனால் அறிவு கிடையாது என்பது உள்ளர்த்தம். கோட்பாடு செய்கிற உரிமை வாள் வைத்திருப்பவனுக்கு மட்டும். கையேடு இந்த இடத்தில் கை வைக்கிறது. நிலை, அடி, தடுப்பு என்று வாள்காரர்களின் இலக்கணத்தை அப்படியே எடுத்து மடக்குக்கத்திக்குப் போட்டுவிடுகிறது. கூடவே வாள்காரர்கள் முகம் சுளிக்கிற சமாச்சாரங்களையும் கூசாமல் பாடமாக்குகிறது: எதிரி மிதிக்கும்படி இடுப்புக் கச்சையைத் தரையில் தொங்கவிடு, தொப்பியை மூஞ்சியில் வீசு, மண்ணை அள்ளிக் கண்ணில் போடு. படிக்கிறபோது இது மரியாதையா கிண்டலா என்று தீர்மானிக்க முடியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன். அதனாலேயே இதை நல்ல பிரதி என்கிறேன்.

அதன் சொற்கள் தனிச் சந்தோஷம். முகத்தில் விழும் வெட்டுக்கு ஹபேக்கே என்று பெயர். மத்தியதரைக் கடலில் ஓடிய மூன்று பாய்மரக் கப்பலுக்கும் அதே பெயர்தான். முகத்தைக் கிழிப்பதற்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன் என்று யோசித்தால் மறுபடி மாமூலுக்கே வருகிறோம். செத்தவன் பணம் கட்ட மாட்டான். தழும்போடு நடமாடுகிறவன் நாளைக்கும் கட்டுவான். அவனைப் பார்க்கிறவர்களும் கட்டுவார்கள். உடம்பின் மேல் எழுதப்பட்ட ரசீது அது.

கத்தியின் அமைப்பே பேசக்கூடியது. பெரிய நவாஹாக்களில் அலகின் அடிப்பாகத்தில் பற்கள் வெட்டியிருக்கும். திறக்கும்போது ஒவ்வொரு பல்லும் ஸ்பிரிங்கில் மாட்டி மாட்டிக் கடகடவென்று சத்தம் எழுப்பும். முழுக்கத் திறந்ததும் அலகு பூட்டிக்கொள்ளும். அலகு பூட்டிக்கொள்ளாத மடக்குக்கத்தியால் ரொட்டி வெட்டலாம், வெங்காயம் நறுக்கலாம். பலமாகக் குத்தினால் மடங்கி உன் விரலையே வெட்டும். ஸ்பிரிங் பூட்டு வந்ததும் அதே பொருள் ஆயுதமாகிவிடுகிறது. அரசாங்கத்துக்கு இது நன்றாகவே தெரிந்திருந்தது. 18ஆம் நூற்றாண்டு முழுக்கக் குட்டை ஆயுதங்களுக்கு ஆணைக்கு மேல் ஆணையாகத் தடை வந்தது; மூன்றாம் கார்லோஸ் 1761இல் போட்ட தடைப் பட்டியலில் பூட்டும் ஸ்பிரிங் வைத்த நவாஹா பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டது. கனவான் இடுப்பில் வாளோடு போவது அந்தஸ்து; கூலிக்காரன் மடியில் பூட்டுக்கத்தி இருப்பது குற்றம். இருட்டில் அந்தக் கடகட சத்தம் மட்டும் கேட்டாலே போதும், பாதி வசூல் முடிந்துவிடும்.

பெயரின் வேரைப் பார்த்தாலும் தொழில்தான் தெரிகிறது. லத்தீனில் நொவாக்குலா என்றால் சவரக்கத்தி. அதுதான் நவாஹா ஆனது. ஸ்பானியத்தில் இன்றைக்கும் சவரக்கத்திக்கு நவாஹா என்ற சொல் புழங்குகிறது. ஹித்தானோக்களின் காலோ பேச்சில் கத்திக்குச் சுரீ என்று ஒரு சொல் உண்டு. அவர்களுடைய மூதாதைகள் இந்தியாவிலிருந்து எடுத்துக்கொண்டு போனது. சமஸ்கிருதத்தில் க்ஷுரிகா, நாம் சொல்லும் சூரிக்கத்தியிலுள்ள சூரியும் அதே வழிதான். க்ஷுர என்ற மூலச் சொல்லுக்கு அர்த்தம் சவரக்கத்தி! நம்முடைய 'சவரம்' அங்கிருந்து வந்தது. இரண்டு மொழிகளிலும் கத்தி நாவிதர் கையிலிருந்தே கிளம்பியிருக்கிறது. இதை வைத்து நமக்கும் அந்தலூசியாவுக்கும் ரத்த உறவு கொண்டாட நான் தயாரில்லை.

தலைப்பிலுள்ள கத்தரி இன்னும் உறுத்துகிறது. கோவேறு கழுதைகளுக்கும் குதிரைகளுக்கும் முடி கத்தரிப்பது ஹித்தானோக்களின் தொழில்களில் ஒன்று. அந்தத் தொழில் கருவியைத்தான் கையேடு ஆயுதப் பட்டியலில் சேர்க்கிறது. இதற்குச் சரியாக நூறு வருஷம் முன்னால், 1749 ஜூலையில், என்செனாதா பிரபுவின் திட்டப்படி நாடு முழுக்க ஒரே நேரத்தில் ஹித்தானோக்களைப் பிடித்தார்கள். ஆண் பெண் குழந்தை என்று ஆயிரக்கணக்கானவர்கள் பிரிக்கப்பட்டு, கிடங்குகளிலும் கப்பல் தளங்களிலும் அடைக்கப்பட்டார்கள். அப்படிப்பட்ட ஜனங்களின் பிழைப்புக் கருவியையே கொலைக்கருவி என்று அச்சில் ஏற்றுவது விளையாட்டான காரியமில்லை. இதோடு மாத்ரிதின் மானுவேலா மலசாஞாவை ஒப்பிட்டுப் பாருங்கள். 1808 மே 2 கிளர்ச்சியின்போது ஆயுதத்தோடு பிடிபடுகிறவர்களைச் சுடச் சொல்லி ஃபிரெஞ்சுத் தளபதி மூரா உத்தரவு போட்டார். தையல்காரப் பெண்ணான அவள் கத்தரிக்கோல் வைத்திருந்ததற்காகக் கொல்லப்பட்டாள் என்று கதை வழங்குகிறது. ஒரு பேட்டைக்கே அவள் பெயர் இருக்கிறது. அவள் கத்தரி தேசபக்தி. ஹித்தானோவின் கத்தரி அபாயம். கோயா 1814இல் தீட்டிய அந்த மே 2 ஓவியத்திலும் ஏழைகளின் கையில் மின்னுவது கத்திதான். அங்கே அதை யாரும் கொச்சை வித்தை என்று சொல்வதில்லை.

இப்போது மெரிமேவுக்கு வருகிறேன். 'கார்மென்' குறுநாவல் 1845இல் வந்தது. பலருக்குத் தெரிந்த கார்மென் பிஸேயின் 1875ஆம் வருஷத்து ஓபராவிலிருந்து வருகிறவள். இரண்டுக்கும் நடுவில் கத்திக்கு என்ன நடந்தது என்பதுதான் என் கேள்வி. குறுநாவலில் கார்மென் சுருட்டு நுனி வெட்டும் கத்தியால் சக தொழிலாளியின் முகத்தில் சிலுவைக் கோடு இழுக்கிறாள். தொழிற்சாலைக் கருவி, முகத்தில் வெட்டு: கையேட்டின் உலகம் இது. பிறகு தோன் ஹொஸே அவளுடைய புருஷன் ஒற்றைக்கண் கார்சியாவோடு மோதுகிறான். உள்ளுக்குள் பொறாமைதான், வாஸ்தவம். ஆனால் சண்டை மூளுவது சீட்டாட்டத்தில். நீ ஏமாற்றுகிறாய் என்று சீட்டை மூஞ்சியில் எறிவதில். கார்சியா அந்தலூசிய முறையில் பூனை மாதிரிக் குனிகிறான். ஹொஸே நவார்ரா முறையில் நிமிர்ந்து நிற்கிறான். கார்சியாவின் தொண்டையில் ஹொஸேயின் கத்தி முறிகிறது. பின்னால் கார்மெனைக் குத்துவது செத்தவனிடமிருந்து எடுத்த கத்தியால். கத்தி கை மாறுவதை மெரிமே கணக்குப்பிள்ளை மாதிரி குறித்துவைத்திருக்கிறார்.

ஓபராவில் கார்சியாவே இல்லை. அந்தச் சீட்டுச் சண்டையும் இல்லை. அதற்குப் பதிலாகக் காளைச் சண்டை வீரன் எஸ்கமில்யோவும் ஹொஸேயும் ஒரு பெண்ணுக்காகக் கத்தியை உருவுகிறார்கள். முப்பது வருஷத்தில் சூதும் வசூலும் மேடையிலிருந்து துடைக்கப்பட்டு, மோகம் மட்டும் மிஞ்சியது. இதற்குத் தளம் போட்டவர்கள் பயண எழுத்தாளர்கள். 1840இல் போன கோத்தியே, 1845இல் வழிகாட்டி எழுதிய ஃபோர்ட், பிறகு தாவில்யேவின் எழுத்தும் தொரேயின் படங்களும். பிரனீஸ் மலைக்குத் தெற்கே ஐரோப்பாவுக்கு ஒரு மற்றமை தேவைப்பட்டது. இவர்களில் தொரேயின் கோடுகளை மட்டும் என்னால் வெறுக்க முடியவில்லை.

லோர்க்கா விஷயம் இவ்வளவு சுலபமில்லை. 1928 ஜூலையில் அல்மேரியா மாகாணத்தின் நீஹார் பக்கம், கல்யாணத்துக்கு முந்தின இரவு மணப்பெண் தன் உறவுக்காரனோடு கிளம்பிவிட்டாள். வழியில் அவன் கொல்லப்பட்டான். இதிலிருந்து பிறந்ததுதான் 1933இல் மேடையேறிய 'ரத்தக் கல்யாணம்'. நாடகத்தில் இரண்டு ஆண்கள் ஒருவரையொருவர் கத்தியால் கொன்றுகொள்கிறார்கள். நீஹாரில் அவனைச் சுட்டுக் கொன்றார்கள். துப்பாக்கியை எடுத்துவிட்டு லோர்க்கா கத்தியைக் கொடுத்தார். மெரிமேவின் பாதையில்தான் இவரும் போனார் என்று சொல்லிவிடலாமா? முடியாது. நாடகத்தின் முதல் காட்சியில் மாப்பிள்ளை நவாஹாவைக் கேட்பது திராட்சை வெட்ட. தாய் சபிக்கிறாள், கணவனையும் ஒரு மகனையும் அது தின்றிருக்கிறது. கருவியும் ஆயுதமும் ஒரே பொருள் என்பதை இவ்வளவு சிக்கனமாக வேறு யாரும் மேடையில் வைத்ததில்லை. கல்யாணப் பேச்சில் நிலமும் விலையும் வருவதையும் அவர் மறைக்கவில்லை. தன்மேல் ஒட்டப்பட்ட ஜிப்சிப் புராணம் எரிச்சலூட்டுகிறது என்று கடிதத்தில் புலம்பியவரும் அவர்தான். ஆனாலும் துப்பாக்கியைக் கத்தியாக்கியதில் அந்தப் புராணத்துக்கு அவர் ஒரு நாடகமே பரிசாகக் கொடுத்துவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அல்பாசெத்தே ரயில்நிலையத்தில் இடுப்பு வாரில் கத்திகளை வரிசையாக மாட்டிக்கொண்டு பயணிகளிடம் விற்றவர்கள் இருந்தார்கள். இன்றைக்கு அந்த ஊரில், கதீட்ரலுக்கு எதிரில், 2004இல் திறந்த கத்தி மியூசியம் இருக்கிறது. 1993ஆம் வருஷத்து ஆயுத விதிகள்படி 11 சென்டிமீட்டருக்கு மேல் அலகு நீண்ட நவாஹாவை வீட்டில் அலங்காரமாகவும் சேகரிப்பாகவும் வைத்துக்கொள்ளலாம். தெருவில் கொண்டுபோகக் கூடாது. தெருவுக்குப் பதில் பயிற்சிக்கூடங்கள் வந்துவிட்டன. ஜேம்ஸ் லொரியேகா 1999இல் செவில்லே முறை பற்றிப் புத்தகம் எழுதினார். 2005இல் கையேட்டை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். மழுங்கிய கத்தியை வைத்துக்கொண்டு நிலைகளைப் பழகுகிறவர்கள் மேல் எனக்கு விரோதமில்லை. பழைய பிரதியை உடம்பால் படிப்பதும் ஒரு வாசிப்புத்தான். விளம்பரங்களில் 'ஜிப்சிகளின் ரகசியக் கலை' என்று போடுகிறபோதுதான் பிரச்சினை.

கையேட்டில் நாலு பகுதிகள். மூன்று ஆயுதங்களைப் பற்றியவை. நாலாவது பராத்தேரோவைப் பற்றியது. பயிற்சிக்கூடத்தில் அந்த நாலாவதை வைத்து எதைப் பழக முடியும்? அதில் இருப்பது சிறையும் சீட்டும் காசும்தான். தமிழில் யாராவது இந்த நூலை மொழிபெயர்ப்பதானால் அங்கிருந்து ஆரம்பிக்கச் சொல்வேன். அடிகளும் படங்களும் பின்னால் வரட்டும்.