வாவிக்கரைப் பள்ளியும் பெற்றார் தீர்ப்பும்

மட்டக்களப்பு வாவியின் கிழக்கே கடலை அடுத்துள்ள நிலத்தை எழுவான்கரை என்றும், மேற்கே வயலும் காடுமாய் விரிந்த நிலத்தைப் படுவான்கரை என்றும் நம் மக்கள் வழங்குவர். ஞாயிறு எழும் கரை, படும் கரை என்பதே இப்பெயர்களின் எளிய பொருள். கல்வியைப் பற்றிப் பேச்செழும்போது மட்டும் இவை வேறொரு பொருளையும் ஏற்றுக்கொள்கின்றன. விடியற்காலையில் படுவான்கரைத் தெருவோரத்தில் நின்று பார்ப்பவர்க்கு அப்பொருள் விளங்கும். வெள்ளைச் சீருடை அணிந்த பிள்ளைகள் சிலர் நகரத்துப் பாடசாலைகளை நோக்கிப் பஸ் ஏறுகின்றனர். அதே வேளையில் நகரத்திலிருந்து ஆசிரியர்கள் வந்து இறங்குகின்றனர்.

‘ஊர்ப் பள்ளிக்கூடம் எப்படி?’ என்று அங்கே நிற்கும் பெற்றாரைக் கேட்டால் இருவகை மறுமொழி கிடைக்கும். “அது சரிவராது” என்பார் ஒருவர். அவர் மகனைப் பஸ் ஏற்றிவிட வந்தவர். “என்ன செய்யிற, கிடைச்சது இதுதானே” என்பார் மற்றவர். அவர் மண்வெட்டியுடன் வயலுக்குப் போகிறவர். முன்னவரிடம் தீர்ப்பு இருக்கிறது. அதை நிறைவேற்றும் வசதியும் இருக்கிறது. பின்னவரிடமும் தீர்ப்பு இருக்கிறது; வசதி இல்லை. பொதுப் பாடசாலையின் தரம் பற்றிய மக்கள் கருத்தை ஆராயப் புகும் எவரும் இவ்வேறுபாட்டிலிருந்தே தொடங்கவேண்டும் என்பது நம் துணிபு.

பெற்றார் எதைக் கொண்டு பாடசாலையை அளக்கின்றனர்? பெரும்பாலும் பெறுபேற்றைக் கொண்டே. சாதாரண தரத்தில் ஒன்பது பாடங்களிலும் ‘ஏ’ பெற்றோர் எத்தனை பேர், உயர்தரத்தில் மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் தெரிவானோர் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையைப் பாடசாலை வாயிலில் தொங்கும் பதாகை உரைக்கிறது. ஆனால் அது உரைக்காத செய்தி ஒன்று உண்டு. 5ஆம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் உயர்ந்த புள்ளி பெற்ற பிள்ளைகளே புகழ்பெற்ற பாடசாலைகளின் 6ஆம் தரத்துக்குத் தெரிவு செய்யப்படுகின்றனர். உன்னிச்சைக் குளத்து வாய்க்காலின் தலைப்பு வயலில், பொறுக்கியெடுத்த விதைநெல்லை விதைத்த ஒருவர், கடைவயற்காரரின் விளைச்சலைப் பார்த்து ‘உனக்கு உழத் தெரியாது’ என்று சொன்னால் அதை நியாயம் என்போமா? பாடசாலையை மதிக்கும்போது மட்டும் அந்நியாயத்தை நாம் கேள்வியின்றி ஏற்றுக்கொள்கிறோம். பதாகை அளப்பது பாடசாலை ஆற்றிய பணியை மட்டுமன்று. அது யாரை உள்ளே விட்டது, யாரை வெளியே நிறுத்தியது என்பதையும் சேர்த்தே அளக்கிறது.

இதனால் பெற்றாரின் முறைப்பாடு பொய் என்று நாம் கூறவில்லை. கணிதத்துக்கு ஆசிரியர் இல்லை, வந்த ஆசிரியர் நிலைப்பதில்லை, விஞ்ஞான அறையில் கருவிகள் இல்லை என்று அவர்கள் சொல்வது கண்கூடு. அவர்கள் உணரும் வலி உண்மையானது. வலியின் காரணத்தைச் சொல்லும்போதே பிழை நேர்கிறது. ‘அந்த அதிபர் சரியில்லை’, ‘இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது’ என்று அவர்கள் முடிவுகட்டும்போது, சமுதாயத்தின் குற்றம் ஒரு மனிதரின் தலையிலோ ஓர் ஊரின் தலையிலோ ஏற்றப்படுகிறது.

காரணங்கள் யாவை? க.பொ.த. உயர்தரத்தில் விஞ்ஞானமும் கணிதமும் கற்பிக்கும் பாடசாலைகள் 1ஏபி என வகுக்கப்பட்டுள்ளன. கலை, வர்த்தகப் பிரிவுகளை மட்டும் கொண்டவை 1சி வகையின. மற்றவற்றில் உயர்தர வகுப்பே இல்லை. பௌதிகத்துக்கும் இரசாயனத்துக்கும் ஆசிரியர் இல்லாததால் கிராமத்து மாணவன் விஞ்ஞானத்தைத் தேர்வதில்லை. மாணவர் தொகை போதாமையால் ஆசிரியர் நியமிக்கப்படுவதில்லை. இச்செக்கைச் சுற்றியே எத்தனையோ கிராமப் பாடசாலைகள் பல்லாண்டுகளாக உழல்கின்றன. புதிதாக நியமனம் பெறும் ஆசிரியர் கஷ்டப் பிரதேசத்துக்கு அனுப்பப்படுகிறார். தொழில் கைவந்ததும் இடமாற்றம் பெற்று நகரத்துக்குத் திரும்புகிறார். அனுபவமின்மையின் நட்டம் கிராமத்துக்கு, அனுபவத்தின் இலாபம் நகரத்துக்கு. 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்பின் பெரும்பாலான பாடசாலைகள் மாகாண சபைகளின் பொறுப்பில் விடப்பட, தேசிய பாடசாலைகள் மத்திய அமைச்சின் நேரடிப் பொறுப்பில் நின்றன. இவ்வாறு ஒரே ‘இலவசக் கல்வி’க்குள் மேற்படியும் கீழ்ப்படியும் அமைந்தன.

பல்கலைக்கழக அனுமதியில் 40 விழுக்காடு அகில இலங்கைத் திறமையின்படியும், 55 விழுக்காடு மாவட்டக் குடித்தொகையின்படியும், 5 விழுக்காடு பின்தங்கிய மாவட்டங்களுக்கென்றும் ஒதுக்கப்படுகின்றன. மாவட்டங்களுக்கிடையே உள்ள ஏற்றத்தாழ்வை இம்முறை ஓரளவு தணிக்கலாம். மாவட்டத்துக்குள்ளே இருப்பதை அது காண்பதில்லை. மட்டக்களப்பு நகரத்து வைத்தியரின் மகளும், படுவான்கரையில் கூலிக்கு நெல் அறுப்பவரின் மகளும் ஒரே வெட்டுப்புள்ளிக்கு முன்னே நிற்கின்றனர். நகரத்து மாணவி ரியூசன் வகுப்புகள் மூன்றுக்குப் போய்வந்தவள். மற்றவளின் பாடசாலையில் அப்பாடமே இல்லை.

நிலைமை எப்போதும் இவ்வாறே இருக்கவேண்டும் என்று விதியில்லை. வேறோர் எண்ணமும் இம்மண்ணில் விதைக்கப்பட்டதுண்டு. வில்லியம் ஓல்ட் பாதிரியார் 1814இல் மட்டக்களப்புக்கு வந்து மெதடிஸ்தப் பாடசாலையைத் தொடக்கிய நாள் முதல், ஆங்கிலக் கல்வி பெரும்பாலும் நகரத்தைச் சார்ந்தே வளர்ந்தது. சுவாமி விபுலாநந்தர் 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவி அவ்வரம்பை அகலப்படுத்தினார். கன்னங்கரா அவர்களின் விசேட குழு 1943இல் அறிக்கை விடுத்தது. 1945 ஒக்டோபர் முதலாந் திகதி தொடக்கம் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. நாடெங்கும் எழுந்த 50க்கும் மேற்பட்ட மத்திய கல்லூரிகளில் வந்தாறுமூலை மத்திய கல்லூரியும் ஒன்று. நல்ல உயர்தரப் பாடசாலையைத் தேடிக் கிராமத்துப் பிள்ளை நகரத்துக்கு ஓடவேண்டியதில்லை, பாடசாலையே கிராமத்துக்கு வரும் என்பது அத்திட்டத்தின் உயிர்நாடி. 1981இல் அக்கல்லூரியின் வளவிலேதான் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. 1986இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. கிராமத்தில் நட்ட கல்வி வேரூன்றாது என்பார்க்கு இதனினும் தக்க மறுமொழி வேண்டுவதில்லை.

புலமைப்பரிசிலும் அத்திட்டத்தின் குழந்தையே. திறமையுள்ள ஏழைப் பிள்ளைக்கு மத்திய கல்லூரியில் இடமும் உணவும் உறைவிடமும் அளிப்பது அதன் நோக்கமாயிருந்தது. இன்றோ அப்பரீட்சை கிராமத்திலிருந்து திறமையை இறைத்தெடுக்கும் ஏற்றமாகிவிட்டது. பத்து வயதுப் பிள்ளைகளின் மாலைப்பொழுது முழுவதையும் ரியூசன் கொட்டகைகள் விழுங்குகின்றன. ஏணியாக நட்டதை நாமே வடிகட்டியாக மாற்றிக்கொண்டோம்.

மண்முனைப் பாலத்தின் கதையையும் ஈண்டு நினைவுகூர்தல் தகும். நெடுங்காலம் மண்முனைத் துறையில் வாவியைக் கடக்கப் ‘பாதை’யே கதியாயிருந்தது. காற்றெழுந்தால் பாதை ஓடாது. அன்று ஆசிரியரும் வரமாட்டார். 2014இல் பாலம் திறக்கப்பட்டபோது கொக்கட்டிச்சோலைப் பக்கத்து மக்கள் மகிழ்ந்தனர், நாமும் மகிழ்ந்தோம். பாலம் ஆசிரியரை நேரத்துக்குக் கொண்டுவந்தது. ஆனால் மணியடித்ததும் அவரை நேரத்துக்கே கொண்டும் சென்றது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளையை நகரத்துக்கு அனுப்புவதும் அதனால் எளிதாயிற்று. பாலம் நல்லதே, ஆயினும் இருகரைப் பாடசாலைகளையும் சமப்படுத்தாமல் பாலத்தை மட்டும் கட்டினால், மேடான கரையை நோக்கியே மக்கள் நடப்பர் என்பதை நாம் மறக்கலாகாது.

இங்கேதான் கருத்துரைத்தலின் மெய்யான சிக்கல் எழுகிறது. பாடசாலையைக் குறைகூறும் ஆற்றல் மிக்க பெற்றார், கடிதம் எழுதத் தெரிந்தவர், வலயக் கல்வி அலுவலகத்தின் படியேறத் துணிந்தவர், தம் பிள்ளையுடன் வெளியேறிவிடுகிறார். அவரது கருத்தும் அவருடன் பஸ் ஏறிவிடுகிறது. எஞ்சியிருப்போர் அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் பின்வரிசையில் அமர்ந்து, கேட்ட இடத்தில் கையொப்பமிட்டு வீடு திரும்புகின்றனர். அவர்களின் மௌனம் திருப்தி எனப் பதியப்படுகிறது. காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் வாழும் ஏழை முஸ்லிம் தாய்மாரின் நிலையும் இதுவேயன்றி வேறன்று. மொழியையும் மதத்தையும் சொல்லி நம்மைப் பிரித்துவைத்தவர்கள், இந்த மௌனத்தை மட்டும் எல்லார்க்கும் பொதுவாக்கிவிட்டனர்.

மாணவர் கருத்தோ எவராலும் கேட்கப்படுவதில்லை. மாணவனை நாம் திரும்பத் திரும்பப் பரீட்சிக்கிறோம். ஒரு தவணையாவது அவனைக் கேட்டதுண்டா? கேட்டால் நாம் எதிர்பாராத விடைகள் வரும். நூலகம் பூட்டியிருக்கிறது என்பான் ஒருவன். மலசலகூடத்தில் தண்ணீர் இல்லாத நாட்களில் வீட்டில் நின்றுவிடுகிறேன் என்பாள் ஒரு மாணவி. விளங்கவில்லை என்று சொன்னால் அடி விழும் என்பான் இன்னொருவன். இரவில் தந்தையுடன் வாவியில் வலை வீசியவன் காலையில் வகுப்பில் உறங்குகிறான். அவனைச் சோம்பேறி என்கிறோம். மத்திய கிழக்கில் வீட்டுவேலை செய்யும் தாயின் மகள் தம்பியரைப் பார்க்க வீட்டில் நிற்கிறாள். அவளை அக்கறையற்றவள் என்கிறோம். இவர்கள் சொல்லும் குறைகள் சிறியவை போலத் தோன்றலாம். ஆயினும் பாடசாலை யாருக்காக இருக்கிறது என்ற கேள்விக்கு, எந்தப் பெறுபேற்றுப் பட்டியலையும்விட நேரான சாட்சி இவையே.

நம்மையும் நாம் விமர்சித்துக்கொள்ளவேண்டும். இவ்விதழைப் படிக்கும் ஆசிரியர்களில் பலர் சமத்துவத்தை நேசிப்பவர்கள். மேடையில் இலவசக் கல்வியைக் காப்போம் என்று முழங்குபவர்கள். நாம் கற்பிக்கும் பாடசாலையில் நம் சொந்தப் பிள்ளையைச் சேர்த்திருக்கிறோமா? சேர்க்கவில்லையாயின் அப்பாடசாலை பற்றிய நமது உண்மைக் கருத்து அதுவே. அதை ஊரார் நன்கறிவர். பள்ளியில் முடிக்காத பாடத்தை மாலையில் பணத்துக்கு முடித்துவைக்கும் ஆசிரியர், அரசாங்கத்தின் தனியார்மயக் கொள்கையைக் கண்டிக்கும்போது மாணவர் உள்ளூரச் சிரிக்கின்றனர். தேசிய வருமானத்தில் ஏறக்குறைய 2 விழுக்காட்டையோ அதனினும் குறைவாகவோ கல்விக்குச் செலவிட்டுவரும் அரசை நாம் குற்றஞ்சாட்டவே வேண்டும். அது நம் கடமை. அக்குற்றச்சாட்டுக்கு வலிமை வேண்டுமாயின் நம் கைகளும் தூயவையாயிருக்கவேண்டும்.

ஆகவே நாம் வேண்டுவது புதியதொரு மதிப்பீடு. பாடசாலையைப் பார்த்து, ‘எத்தனை பேர் ஒன்பது ஏ?’ என்று கேட்பதற்கு முன் வேறு மூன்று கேள்விகள் கேட்கப்படட்டும். 6ஆம் தரத்தில் சேர்ந்தவருள் எத்தனை பேர் 11ஆம் தரம் வரை நின்றனர்? கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளை சென்ற ஆண்டைவிட இவ்வாண்டு கூடுதலாக எதைக் கற்றது? கூட்டத்துக்கு வராத பெற்றாரின் வீட்டுக்கு யார் போனார்? இவற்றை அபிவிருத்திச் சங்கத்தில் கேட்கும் உரிமை மண்வெட்டி பிடித்த கைக்கும் உண்டு. அக்கை எழும்பும்போது அதன் அருகே எழும்புவது ஆசிரியரின் கையாகவும் மாணவரின் கையாகவும் இருக்கவேண்டும்.

“கிடைச்சது இதுதானே” என்று சொன்னவர் நாளையும் அத்தெருவழியே வயலுக்குப் போவார். அவர் பிள்ளையும் அதே ஊர்ப் பாடசாலைக்கே போகும். ‘இது எங்களுடையது, இது நன்றாயிருக்கவேண்டும்’ என்று அவர் சொல்லும் நாளே இலவசக் கல்வி படுவான்கரையை வந்தடைந்த நாள். அந்நாளை விரைவுபடுத்துவது நம் பொறுப்பு.